பெருக்கி வெச்ச தோப்பு

வாங்க டீச்சர், உக்காருங்க. மொதல்லயே சொல்லிடறேன், நான் ஸ்கூலுக்கு வரமாட்டேன். அதைச் சொல்லிட்டா நீங்களும் நிம்மதியா மோர் குடிச்சிட்டுப் போலாம்.

இல்ல, கல்யாணமெல்லாம் பேசல. யார் சொன்னது, சாவித்திரிக்காவா? பொட்டப்புள்ள படிப்ப நிறுத்தினா உடனே மாப்பிள்ளை பாத்தாச்சுன்னு கிளப்பி விட்டுருவாங்க. என்னை யாரும் நிறுத்தல. பத்தாவது பாஸ் பண்ணிட்டு நானாத்தான் நின்னேன். தோப்புக்காக நின்னேன். இப்பத் தோப்பும் என் கையில இல்ல. அவ்ளோதான் கதை.

முழுசாக் கேக்கணுமா? சரி, அப்பா வர்ற வரைக்கும் உக்காந்துதான இருக்கப் போறீங்க. அவர் வந்தா நீங்களே பேசிக்குங்க. நான் அவர்கிட்டப் பேசறதில்ல. போன கார்த்திகையில இருந்து. சோறு போட்டு வெப்பேன், சாப்பிடுவாரு. தண்ணி வெப்பேன், குடிப்பாரு. எங்கம்மா நடுவுல மாட்டிக்கினு அவர் சொல்றத இங்கயும் நான் சொல்றத அங்கயும் தூக்கிக்கினு திரியுது. பாவந்தான். ஆனா பேசமாட்டேன். ஏமாத்தினவங்கள ஏமாத்தினவங்கன்னுதான சொல்லணும்? அப்பாவா இருந்தா அதுக்கு வேற பேரு இருக்குதா?

எங்க தோப்ப நீங்க பஸ்ல வரும்போது பாத்திருப்பீங்க. கால்வாய்ப் பாலம் தாண்டினதும் இடது கைப் பக்கம். பூரா அல்போன்சா மாமரம். ஊருக்குள்ள அதுக்கு ஒரு பேரு இருந்துச்சு, பெருக்கி வெச்ச தோப்புன்னு. எங்கப்பா அப்படித்தான் வெச்சிருந்தாரு. மரத்தடியில ஒரு புல்லு இருக்காது, ஒரு சருகு இருக்காது. விழுந்த பழத்தைத் தொடைக்காமத் தின்னலாம். பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போவாங்க, முனிகிருஷ்ணன் தோப்பா கல்யாண மண்டபமான்னு.

அவர் எனக்குச் சொல்லிக் குடுத்தது ரெண்டே விசயம். தரை சுத்தமா இருக்கணும். பழம் மரத்துலயே வாசம் விடணும், அதுக்கு முன்னாடி கை வெக்கக்கூடாது. மத்தவங்க காயாப் பறிச்சு வைக்கோல்ல போட்டு மூடுவாங்க. சிலபேர் கார்பைட் கல்லு வெச்சுப் பழுக்க வெப்பாங்க. நாங்க அதெல்லாம் பண்றதில்ல. மரத்துல மஞ்சளாகணும், கீழ நின்னா நமக்கு வாசம் வரணும். அப்பத்தான் பறிக்கத் தொரட்டிய எடுக்கணும்.

பெங்களூர்ல இருந்து அன்வர் பாய் வருவாரு பழம் எடுக்க. மத்த தோப்புல நுழைஞ்சா மொத வேலை, இடுப்புல இருக்கற கத்திய எடுத்து அவரா ஒரு பழத்தப் பறிச்சு அறுத்துப் பாக்கறதுதான். எங்க தோப்புல அந்தக் கத்தி வெளிய வந்ததே இல்ல. காம்புக்கிட்ட மோந்து பாப்பாரு. "ஏத்துங்கப்பா"ன்னுவாரு. இந்தச் சுத்துப்பட்டுல பாய் அறுத்துப் பாக்காத தோப்பு எங்களுது ஒண்ணுதான். எங்கப்பா அன்னிக்குப் பூரா ஒரு மாதிரி நெஞ்ச நிமித்திக்கினு நடப்பாரு.

நான் பத்தாவது எழுதி முடிச்ச சமயத்துலதான் அவருக்கு முதுகுல டிஸ்க் நகந்துபோச்சு. குனியக்கூடாதுன்னுட்டாங்க. அண்ணன் ஒசூர் கம்பெனியில. அவனுக்கு மாமரம்னா அலர்ஜி, பூ வந்தா தும்முவான். அம்மா சொல்லுச்சு, குத்தகைக்கு விட்டுடலாம்னு. நான் சொன்னேன், யாருக்கும் விட வேணாம், நான் பாத்துக்கறேன். அப்பா படுத்துக்கினே என் கையப் புடிச்சாரு. "பாப்பா, இனிமே தோப்பு உன்னுது"ன்னாரு.

இதை நல்லா மனசுல வெச்சுக்குங்க டீச்சர். உன்னுதுன்னாரு. பாத்துக்கோன்னு சொல்லல. உதவி பண்ணுன்னு சொல்லல. உன்னுது.

நான் சும்மா இருக்கல. அவர் வாரத்துக்கு ஒருதரம் பெருக்குவாரு, நான் தினம் பெருக்குனேன். காலையில தொடப்பத்த எடுத்தேன்னா வெயில் ஏறுற வரைக்கும் அதே வேலை. சருகக் கூட்டி எரிச்சேன். டிராக்டர் வெச்சு உழவு ஓட்டினேன். டிராக்டர் போக முடியாத எடத்துல கையாலயே புல்லப் புடுங்கினேன். கை பூரா காப்பு காச்சிடுச்சு, பாருங்க. எங்கப்பா கட்டில்ல இருந்து வேலியோரம் வந்து பாத்துட்டு, "என்னைவிட நல்லா வெச்சிருக்கடி"ன்னாரு. அவரே சொன்னது.

பக்கத்துத் தோப்பு எங்க சென்னப்பன் பெரியப்பாவோடது. அப்பாவோட பெரியப்பா மகன், அவருக்கு அண்ணன் முறை. அதுவும் அல்போன்சாதான். ஆனா தோப்புன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. முழங்கால் வரைக்கும் புல்லு. சருகு மேல சருகு. உள்ள நடந்தா கால் பொதக்குன்னு போகும். அவர் தெரிஞ்சு அப்படி வெக்கல, சோம்பேறி. மத்தியானம் ஆனா பாய விரிச்சுடுவாரு.

ஒருநாள் நான் பெருக்கறதப் பாத்துட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்கறாரு, "ஏம்மா வேணி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாராச்சும் வர்றாங்களா, இந்தப் பெருக்கு பெருக்கற?"

"உங்க தோப்புல பாம்பு குடும்பம் நடத்துது பெரியப்பா, மொதல்ல அதைப் பாருங்க."

"அதுவும் எங்க போகும்? எல்லாத்தையும் நீ பெருக்கித் தள்ளிட்டா எங்கிட்டதான வரும்."

இப்படித்தான் பேசுவாரு. எல்லாத்துக்கும் ஒரு சிரிப்பு.

அந்த வருசம் மார்கழியே வரல டீச்சர். காலண்டர்ல வந்துச்சு, வெளிய வரல. போர்வை எடுக்கவே இல்ல நாங்க. மாமரத்துக்கு அந்தக் குளிர் வேணும். குளிர் அடிச்சாத்தான் பூ ஒரே வீச்சுல வரும். அந்த வருசம் ஒரு கிளையில பூ, பக்கத்துக் கிளையில தளிர். மரம் என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்ச மாதிரி. மாசியில ஒரு வழியாப் பூத்துச்சு. பூத்த வாரம் மழை. மாசியில எங்கயாச்சும் மழை பெய்யுமா? பெஞ்சுச்சு. பாதிப் பூ கறுத்துக் கொட்டிடுச்சு. அதையும் பெருக்கினேன்.

மிச்சம் நின்ன பிஞ்சுங்கள என் கண்ணு மாதிரி பாத்துக்கினேன். சித்திரை வந்துச்சு. வெயில்னா வெயில் இல்ல அது. காலையில பல்லு வெளக்கற நேரத்துக்கே மண்ணுல வெறுங்கால வெக்க முடியல. செருப்பு போட்டாலும் அனல் பாவாடைக்குள்ள ஏறும். பொழுது சாஞ்சாலும் தரை ஆறாது, அடுப்ப அணைச்ச பிறகு இருக்கற கல்லு மாதிரி அப்படியே இருக்கும். ஆனா பழம் ஒண்ணொண்ணும் என்னா கலரு! ஒரு புள்ளி இல்ல, ஒரு வடு இல்ல.

அப்பத்தான் தோட்டக்கலை ஆபீஸ்லருந்து ஒரு மேடம் வந்தாங்க. புதுசா வேலைக்கு வந்தவங்க. வந்து நின்னதுமே கேக்கறாங்க, "ஏம்மா தரைய இப்படி மொட்டையா வெச்சிருக்கீங்க?"

"மொட்டையில்ல மேடம். சுத்தம்."

"சருகை எரிக்காதீங்க. மரத்தடியில பரப்பி விடுங்க. புல்லு இருந்தாலும் இருக்கட்டும். வெயில் முன்ன மாதிரி இல்லம்மா. வெறுந்தரையில படுற சூடு அப்படியே திரும்ப மேல ஏறுது. தொங்கற பழம் உள்ளுக்குள்ளயே வெந்துடும், வெளிய ஒண்ணும் தெரியாது. அல்போன்சாவுக்கு இது ரொம்ப வரும். மரத்துல ரொம்ப நாள் விடாதீங்க. முக்கால் பதம் வந்ததும் எறக்கிடுங்க."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நீங்க எத்தினி மரம் வெச்சிருக்கீங்க மேடம்?"ன்னேன்.

அவங்க கோச்சுக்கல. "ஒண்ணும் இல்லம்மா. வாடகை வீடு, தொட்டியில ஒரு துளசி இருக்கு"ன்னாங்க.

துளசி வெச்சிருக்கறவங்க வந்து எங்கப்பா தோப்புல புல்லு வளக்கச் சொல்றாங்க. நான் கேட்டது தப்பா?

அப்பா வேலியோரம் நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தாரு. அன்னிக்குச் சாயங்காலம் மெதுவா ஆரம்பிச்சாரு. "பாப்பா, அந்தம்மா சொல்றாப்ல இந்த வருசம் கொஞ்சம் முன்னாடியே எறக்கிடலாமா?"

"வாசம் வந்துச்சா?"

"வரல."

"அப்ப எப்படி எறக்குவ? நீதான சொன்ன, வாசம் வராம கை வெக்கக்கூடாதுன்னு?"

"அப்ப வெயில் இப்படி இல்ல பாப்பா."

"வெயிலுக்கெல்லாம் உன் பேச்ச மாத்துவியா?"

அவர் திரும்பிக் கட்டிலுக்குப் போயிட்டாரு. தோப்பு என்னுதுதான, அதனால விட்டுட்டாருன்னு நெனச்சேன்.

பெரியப்பா அதுக்குள்ளயே எறக்கிட்டாரு. மேடம் சொல்லி இல்ல, அவர் எங்க மேடம் சொல்றத எல்லாம் கேட்டாரு. காவலுக்குப் படுக்கச் சோம்பல். பச்சையா எறக்கி வைக்கோல்ல போட்டு மூடிட்டுப் பாய விரிச்சுட்டாரு. நான் அப்பாகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அப்பா சிரிக்கல.

வாசம் வந்துச்சு டீச்சர். ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கறவங்க திரும்பிப் பாக்கற அளவுக்கு வாசம். நானே நின்னு எறக்கினேன். ஒரு பழத்தக்கூடக் கீழ விடல. பாய் வந்தாரு, காம்புக்கிட்ட மோந்தாரு, "பேட்டி, அப்பாவ ஜெயிச்சுட்ட"ன்னாரு. பேட்டின்னா அவங்க பாஷையில மகளேன்னு. ஏத்திக்கினு போயிட்டாரு. கத்தி இடுப்புலயேதான் இருந்துச்சு.

அன்னிக்கு நான் எப்படி இருந்தேன்னு சொல்ல எனக்குத் தெரியல. விடுங்க.

நாலஞ்சு நாள் கழிச்சு அதே வண்டி வாசல்ல வந்து நிக்குது. பாய் எறங்கினாரு, கையில ஒரு பெட்டி. முகத்துல சிரிப்பு இல்ல. திட்டவும் இல்ல. திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். பெட்டிய இதோ இங்கதான் வெச்சாரு, நீங்க உக்காந்திருக்கீங்களே அந்த எடத்துல. கத்திய எடுத்து அப்பா பக்கம் நீட்டினாரு.

"முனிகிருஷ்ணா, நீயே அறு. நான் அறுத்தா நல்லா இருக்காது."

அப்பா அறுத்தாரு. தோலு மஞ்சள். வாசம் வீடு பூரா அடிக்குது. உள்ள கொட்டையச் சுத்தி வெள்ளை. பஞ்சு மாதிரி. இட்லி வெந்து காஞ்சா எப்படி இருக்கும், அப்படி. அப்பா ஒரு துண்டு வாயில வெச்சாரு. வெச்சுட்டு முழுங்கல, துப்பவும் இல்ல. நான் இன்னொண்ண எடுத்து அறுத்தேன். அதுவும் வெள்ளை. இன்னொண்ணு. ஒண்ணு மட்டும் நல்லா இருந்துச்சு. "இதோ பாருங்க, இது நல்லா இருக்குதுல்ல"ன்னு பாய்கிட்ட நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்ல.

பாய் எங்க பழத்த ஒரு கல்யாண வீட்டுக்குக் குடுத்திருக்காரு. பந்தியில வெச்சு அறுத்திருக்காங்க. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி. "எத்தினி வருசமா உன் பேரச் சொல்லி விக்கறேன் தெரியுமா"ன்னாரு பாய். அவ்ளோதான் சொன்னாரு.

அப்ப எங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? "பாப்பா மேல தப்பு இல்ல பாய். அது முன்னாடியே எறக்கணும்னுதான் சொல்லுச்சு. நான்தான் விடல"ன்னாரு.

பொய். பச்சைப் பொய். எறக்கலாம்னு சொன்னவரு அவரு. வேணாம்னது நான். எதுக்கு மாத்திச் சொல்லணும்? தோப்பு என்னுதுன்னா அங்க நடக்கறது எல்லாம் என்னுதுதான? நல்லா வந்தா என் பேரு, கெட்டுப்போனா அவர் பேரா? அப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு, இவர் தோப்ப எனக்குக் குடுக்கவே இல்ல, விளையாடக் குடுத்திருக்காருன்னு.

எனக்குத் தெரியும் டீச்சர், அது எங்க தப்பே இல்ல. வெளிய ஒரு புள்ளி இல்லாத பழம் உள்ள மட்டும் எப்படிக் கெடும்? பாய்தான் வண்டியில தார்ப்பாய் போட்டு மூடிக்கினு போனாரு, அந்தச் சூட்டுல வெந்திருக்கும். இல்லன்னா அவர் குடோன்ல. இல்லன்னா யாராச்சும் கண்ணு வெச்சிருப்பாங்க, பெரியப்பா தினம் வேலியோரம் நின்னு பாத்துக்கினேதான இருந்தாரு. அம்மாகூடச் சொல்லுச்சு, ஒரு பூசணிக்காய் கட்டியிருக்கலாம்னு.

பாய் அப்படியே பெரியப்பா வீட்டுக்குப் போனாரு. வைக்கோலப் பிரிச்சு அறுத்துப் பாத்தாரு. ஏத்திக்கினு போயிட்டாரு. பெரியப்பா பழத்த! பாம்பு குடும்பம் நடத்தற தோப்புப் பழத்த!

அதோட விட்டிருந்தாக்கூடப் பரவால்ல. அடுத்த வருசம் காட்டறேன்னு இருந்தேன். இன்னும் நல்லாப் பெருக்கினேன். சொட்டு நீர்க் குழாயக்கூட ஒழுங்காச் சுருட்டி வெச்சேன். கார்த்திகையில ஒருநாள் தொடப்பம் எடுத்துக்கினு போறேன், தோப்புல பெரியப்பா நிக்கறாரு. "அப்பா சொல்லலியா வேணி?"ங்கறாரு. முகத்துல அந்தச் சிரிப்பு இல்ல.

குத்தகைக்கு விட்டுட்டாரு. ஊர்ல வேற ஆளே இல்லாத மாதிரி சென்னப்பன் பெரியப்பாவுக்கு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "உன்னுதுன்னு சொன்னியே?"

"உன்னுதுதான். அதனாலதான் குடுத்திருக்கேன்."

"என்னா பேச்சு இது? என்னுத எதுக்கு நீ குடுக்கற?"

"மூணு வருசம் பாப்பா. மரம் தேறட்டும். நீ படி. அந்தம்மா மாதிரி படிச்சிட்டு வா."

துளசி மேடம் மாதிரி! எனக்கு அப்ப வந்த அழுகைய நான் அவர் முன்னாடி அழல. அதுதான் நான் அவர்கிட்டப் பேசின கடைசிப் பேச்சு.

என்ன டீச்சர்? அப்பாவா? அப்பாதான் உங்களை வரச் சொன்னாரா?

பாத்தீங்களா. ஸ்கூல்லருந்து எல்லா வீட்டுக்கும் போறோம்னுதான நீங்க சொன்னீங்க. மோர் வேணும்னா குடிங்க, நான் புடுங்கமாட்டேன். உங்க மேல கோவம் இல்ல. அவர் வாசல் வழியா வரமாட்டாரு, சுத்திக்கினுதான் வருவாரு, அதான் எனக்கு ஆத்திரம். நேரா வந்து, வேணி, நீ கெடுத்துட்டன்னு சொல்லட்டும். சண்டை போட்டு முடிச்சுக்கலாம். சொல்லமாட்டேங்கறாரு.

நான் ஒண்ணு சொல்றேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நீங்க சயின்ஸ் டீச்சர்தான.

போன வாரம் தோப்புக்குப் போனேன். குத்தகை விட்ட பிறகு மொத தடவை. அடையாளமே தெரியல. நான் ரத்தம் வரப் புடுங்கின எடத்துல எல்லாம் புல்லு. பெரியப்பா சருக எரிக்கல, அப்படியே போட்டு வெச்சிருக்காரு. செருப்பக் கழட்டிட்டு நடந்தேன். சுடல.

பெரியப்பா எறக்கிக்கினு இருந்தாரு, பாதிப் பச்சையா. வைக்கோல்ல பழுத்தது ஒரு கூடையில இருந்துச்சு. பாய் வந்திருந்தாரு. இப்ப அவர் எங்க தோப்புலயும் கத்திய எடுக்கறாரு. பெரியப்பா என்னைப் பாத்துட்டு, "வேணி, நீயே ஒண்ணு எடு"ன்னாரு. "ஓடை மூலையில இருக்கற மரத்துது. உன் மரம்."

என் மரம்னா, நான் ரொம்பப் பாத்துக்கின மரம். அதுக்கடியிலதான் தினம் ரெண்டு தரம் பெருக்குவேன். நல்லா இருக்கக் கூடாதுன்னுதான் அறுத்தேன் டீச்சர், சத்தியமா. வெள்ளை இருக்கணும், இருந்தா அவர் மூஞ்சியில வீசிட்டு வரணும்னு.

மஞ்சள். கொட்டை வரைக்கும் மஞ்சள்.

தின்னேன். எல்லாரும் பாக்கறாங்க, திங்காம எப்படி வர்றது. இனிச்சுது. ரொம்ப இனிச்சுது. கொட்டையக்கூடச் சப்பிட்டுத்தான் போட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து கைய மூணு தரம் கழுவினேன், அந்த வாசம் போகல.

அந்தாளு அதுக்கு ஒரு வேலை செய்யல. பாய விரிச்சுப் படுத்தாரு. அவருக்கு அந்த மரம் இந்தப் பழத்தக் குடுக்குது. நான் என்ன பண்ணல அதுக்கு? ஸ்கூல விட்டேன். கையக் கெடுத்துக்கினேன். அப்பா சொன்னத ஒண்ணு விடாமச் செஞ்சேன், அவரைவிட நல்லாச் செஞ்சேன். எனக்கு மட்டும் வெள்ளையக் குடுத்துச்சு. ஏன்? சொல்லுங்க.

இருங்க. புல்லுன்னு மட்டும் சொல்லாதீங்க. எல்லாரும் அதையே சொல்றாங்க. மேடம் சொன்னாங்க, பாய் சொல்றாரு, அம்மாகூட இப்பச் சொல்லுது. புல்லுன்னா, அப்ப எங்கப்பா எனக்குச் சொல்லிக் குடுத்தது தப்புன்னு ஆயிடும். தெரிஞ்சேதான் என்னை விட்டாரா, இல்ல அவருக்கே தெரியலையா?

வண்டி சத்தம் கேக்குது. அவர்தான். அதை அவர்கிட்டயே கேளுங்க டீச்சர், நான் கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கறேன். நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க.